மோனே வீட்டு எதிரில் ஒரு ரயில் நிலையம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்தைப் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தண்ணீரையும் அல்லிப்பூவையும் வரைந்தவருக்குப் புகையும் இரும்பும் எப்படிப் பிடித்தன? புதுமைக்காகச் செய்த முயற்சியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சான் லசார் படங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவற்றை அவர் வரைந்தது 1877-இல். ஆனால் அதற்கு முன்பே சில வருடங்களாக அந்த நிலையத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர் அவர். 1871 கடைசியில் செய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் அர்ஜந்தேய் என்ற ஊருக்குக் குடிவந்தார். சான் லசாரில் ஏறினால் கால் மணி நேரம். 1874-இல் வீடு மாறியபோது ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே வீடு பிடித்தார்.

அந்த ஊரில் ஆற்றையும் ரயிலையும் பிரிக்கவே முடியாது. ஜெர்மானிய நாடான பிரஷ்யாவுடன் நடந்த போரில் உடைந்து, மறுபடி கட்டிய பாலத்தின் மேல் ஆற்றைத் தாண்டித்தான் வண்டி ஊருக்குள் நுழையும். ஞாயிற்றுக்கிழமை படகு விட வரும் பாரிஸ்காரர்களை அதுதான் கொண்டுவந்து இறக்கியது. மோனே கரையில் நின்று அந்தப் பாலத்தை அண்ணாந்து பார்த்துப் பலமுறை வரைந்தார். ஒரு படத்தில் மேலே ரயில் புகை, கீழே பாய்மரம். இரண்டும் ஒரே வெள்ளை.

அப்புறம், பனியில் நிற்கும் ரயிலை 1875-இல் அவர் வரைந்த படம். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அர்ஜந்தேயின் பனியை 18 படங்களில் வரைந்திருக்கிறார். இந்த ரயில் படத்தை அவசியம் தேடிப் பாருங்கள். எஞ்சினின் முகப்பில் இரண்டு விளக்குகள் மஞ்சளாக எரிகின்றன. புகை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத சாம்பல் நிறம். இலை உதிர்ந்த மரங்கள், ஒரு வேலி. ஆட்களெல்லாம் வெறும் கருப்புக் கீற்றுகள். சான் லசார் படங்களைவிட எனக்கு இதுதான் பெரிது. வீட்டு வாசலில் வந்து நிற்கிற வண்டியை, அதன் சத்தத்திலேயே நேரம் சொல்லத் தெரிந்த ஒருவர் வரைந்தது போல இருக்கிறது.

சரி, அல்லிப்பூ என்றீர்களே. 1883-இல் ஜிவெர்னி என்ற கிராமத்துக்குக் குடிபோனவர், பத்து வருடம் கழித்து அல்லிக் குளத்துக்காக நிலம் வாங்கினார். அது அவருடைய தோட்டத்தை ஒட்டிச் சென்ற ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அல்லியைப் பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போனார்.