ராமநாதபுரம் கடற்கரைத் தொகுதி எம்.எல்.ஏ. கொண்டுவரும் மசோதாக்களைக் கூட்டத்தொடர் நடக்கும்போதே தொடர்ந்து கவனிப்பது எப்படி?

தமிழ்நாடு சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. பெயரைப் போட்டு மசோதா தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அதை வைத்து அவர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கே மசோதாவை அறிமுகம் செய்வது துறை அமைச்சர். தனி உறுப்பினர் மசோதா கொண்டுவரப் பேரவை விதிகளில் இடமிருந்தாலும் நடைமுறையில் அது மிக அரிது. நாடாளுமன்றத்திலேயே 1970-க்குப் பிறகு தனி உறுப்பினர் மசோதா எதுவும் சட்டமானதில்லை. தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை.

இன்னொரு தடையும் உண்டு. அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் நிறைவேற்ற முடியாது (அரசியலமைப்பு 207-ஆம் பிரிவு). தூண்டில் வளைவு (கரை அரிப்பைத் தடுக்கும் கற்சுவர்), இறங்குதளம், ஏலக்கூடம் என்று நம் கரையோரம் கேட்பதெல்லாம் செலவுதான். அவற்றுக்குச் சட்டமும் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் அரசாணையும் போதும். ஆகவே நீங்கள் இரண்டு தடங்களைத் தனித்தனியாகப் பின்தொடர வேண்டும். அரசு கொண்டுவரும் மசோதாக்களில் நம் கடற்கரையைத் தொடுபவை எவை, அவற்றில் நம் உறுப்பினர் என்ன பேசினார் என்பது ஒன்று. கேள்வி, கவன ஈர்ப்பு (அவசரப் பிரச்சினையை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுவருவது), மானியக் கோரிக்கை (துறைவாரியாக நிதி ஒதுக்கப் பேரவையின் ஒப்புதல் கேட்பது) விவாதம் வழியாக அவர் அமைச்சரிடமிருந்து எதை வாங்கினார் என்பது மற்றொன்று. என் கணக்கில் இரண்டாவதற்குத்தான் மதிப்பு அதிகம்.

தொடங்குமுன் தொகுதியை உறுதி செய்துகொள்ளுங்கள். மாவட்டத்தின் நான்கு தொகுதிகளில் பரமக்குடிக்குக் கடல் இல்லை. திருவாடானை (210) தொண்டிப் பக்கம், ராமநாதபுரம் (211) மண்டபம், ராமேசுவரம் பக்கம், முதுகுளத்தூர் (212) சாயல்குடிப் பக்கம். எல்லையோர ஊர்க்காரர்கள் வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் தொகுதி எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. ஊராட்சி ஒன்றியத்தின் எல்லையும் தொகுதியின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து, பிரச்சினை எந்த அவைக்குரியது என்று பாருங்கள். ஆட்சிக்கடலுக்குள் (கரையிலிருந்து 12 கடல் மைல் வரை) மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் வருகிறது; அதற்கு வெளியே நடப்பது மத்தியப் பட்டியலில். விசைப்படகு கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் தொழில் செய்யக்கூடாது என்பது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் ஏற்பாடு. அதைத் திருத்தச் சட்டமன்றத்தால் முடியும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு மத்திய அரசை வலியுறுத்தலாம், அவ்வளவுதான். 2025 ஏப்ரல் 2 அன்று கச்சத்தீவை மீட்க வலியுறுத்தி நிறைவேறியது அப்படிப்பட்ட தீர்மானம். அதற்கு மசோதா எண் கிடையாது, அரசிதழில் சட்டமாகத் தேடினாலும் வராது. கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் டெல்லியிலிருந்து வருவது. அதைப் பற்றிய கேள்விகளை எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.

இனி மசோதாத் தடம். கூட்டத்தொடர் எத்தனை நாள், எந்த நாளில் என்ன அலுவல் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும். மானியக் கோரிக்கைகளுக்குத் துறைவாரியான தேதிப் பட்டியல் உடனே வெளிவந்துவிடும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளின் நிகழ்ச்சி நிரலையும் பேரவையின் இணையதளத்தில் பாருங்கள். மசோதாக்கள் அங்கே ‘சட்டமுன்வடிவு’ என்ற பெயரில்தான் இருக்கும்; ‘மசோதா’ என்று தேடினால் அகப்படாது. அறிமுகம் ஒரு நாளிலும், ஆய்வும் நிறைவேற்றமும் வேறொரு நாளிலும் வரலாம். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

மசோதாவின் முழு வாசகம் அரசிதழ்ச் சிறப்பிதழில், பகுதி 4 பிரிவு 1-இல் வெளிவரும். ஒப்புதல் கிடைத்துச் சட்டமானதும் அதே பகுதியின் பிரிவு 2-இல் வரும். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் தளத்தில் இவை கிடைக்கும். சட்டமியற்றும் அவைகளின் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். (PRS) அமைப்பின் தளத்திலும் மாநில மசோதாக்களின் தொகுப்பு உண்டு; ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

பலரும் தடுக்கி விழுவது எண்ணில்தான். மசோதாவுக்கு ஓர் எண், சட்டமானபின் வேறோர் எண், ஆண்டும் மாறலாம். இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம். அக்டோபர் 19 அன்று பேரவையில் மசோதா நிறைவேறியது. பேரவை கூடிய நாளிலிருந்து ஆறு வாரம்தான் அவசரச் சட்டத்துக்கு உயிர் என்பதால் நவம்பர் இறுதியில் அது காலாவதியானது. 2023 மார்ச்சில் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் வந்தது. தலைப்பில் 2022 என்றிருக்கும் அந்தச் சட்டத்தின் எண் 2023-ஆம் ஆண்டின் 9. எனவே ‘2022 சட்டங்கள்’ பட்டியலில் தேடினால் கிடைக்காது. பேரவையில் ஒரு மசோதா நிறைவேறியதும் குறிப்பை மூடிவிடாமல் ‘ஒப்புதல்’ என்று ஒரு கட்டம் காலியாக விட்டு வையுங்கள். 2023 நவம்பர் 18 அன்று மறுபடி நிறைவேற்றப்பட்ட 10 மசோதாக்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2025 ஏப்ரலில்தான் அரசிதழில் சட்டமாக வந்தன. ஒப்புதலுக்குப் பின்னும் ஒரு படி இருக்கிறது: ‘அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று முதல் பிரிவில் எழுதியிருந்தால், அந்த அறிவிக்கை வரும்வரை சட்டம் ஏட்டில்தான்.

மசோதாவைக் கையில் எடுத்ததும் மூன்று இடங்களை முதலில் படியுங்கள். கடைசியில் உள்ள நோக்கக் காரண விளக்கவுரை, அட்டவணை, ‘அரசு விதிகள் செய்யலாம்’ என்ற பிரிவு. அட்டவணையைத் தவறவிட்டதால் நம் மாவட்டத்தில் பரவிய ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ராமநாதபுரத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதையும் தடுத்துவிடும் என்று பேசுகிறார்கள். அதன் அட்டவணையில் இருப்பவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளும்தான். ராமநாதபுரம் அதில் இல்லை. நம் மாவட்டத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் உறுப்பினரிடம் கேட்க வேண்டியது அந்த அட்டவணைக்கான திருத்தம். கோரிக்கை இத்தனை குறுகலாக இருந்தால் அவரால் தட்டிக்கழிக்க முடியாது.

கடைசி நாள்களில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். 2023 ஏப்ரல் 21, அந்தக் கூட்டத்தொடரின் இறுதி நாள். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தமும், நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) மசோதாவும் அன்றுதான் நிறைவேறின. முதலாவதை எதிர்ப்பு கிளம்பியதால் அரசு பின்னர் திரும்பப் பெற்றது. இரண்டாவது சட்டமானது. 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகள் உள்ள நிலத்தில் வரும் பெருந்திட்டங்களைப் பற்றியது அது. கண்மாயை நம்பி இருக்கும் மாவட்டத்தில் அதைக் கவனித்திருக்க வேண்டியவர்கள் ஏராளம். அறிமுகமான நாளிலேயே வாசகத்தைப் படித்து உறுப்பினரின் கையில் இரண்டு பக்கக் குறிப்பைக் கொடுத்தால்தான் பயன் உண்டு. நிறைவேறிய மறுநாள் கொடுக்கும் மனு கோப்பில் போய்ச் சேரும்.

அவர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா என்று எப்படி அறிவது? பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. அதில் தனித்தனி உறுப்பினரின் வாக்கு பதிவாகாது. அவர் பேசியிருந்தால் பேச்சும், திருத்தம் கொடுத்திருந்தால் திருத்தமும்தான் சான்று. உங்கள் உறுப்பினர் அமைச்சராக இருந்தால் கணக்கே வேறு: அவர் பெயரில் வரும் மசோதா துறையுடையது, தொகுதிக்காகக் கேள்வியும் அவர் கேட்கமாட்டார். அப்போது துறை அறிவிப்புகளில் நம் ஊர் பெயர் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தடத்துக்கு வருவோம். வினா நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையாக வருகிறது. வினா எண், தேதி, பதிலளித்த அமைச்சர், பதிலின் கடைசி வாக்கியம் இந்த நான்கையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வாக்கியம்தான் உயிர்நாடி. ‘தற்போது கருத்துரு ஏதுமில்லை’ என்றால் அடுத்த கூட்டத்தொடரில் வேறு கோணத்தில் கேட்க வேண்டும். ‘விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கப்படுகிறது’ என்றால் யார் தயாரிக்கிறார்கள், எப்போது முடியும் என்று துணைக் கேள்வி எழுப்பினாரா என்று பாருங்கள். ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்பது ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரக்கூடிய பதில். ‘இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்’ என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்றே பேரவையில் ஒன்று இருக்கிறது.

கடற்கரைக்கு முக்கியமான நாள் மீன்வளத் துறை மானியக் கோரிக்கை, எண் 7. அன்று மூன்று ஆவணங்கள் பிறக்கும்: கொள்கை விளக்கக் குறிப்பு (துறையின் திட்டங்களையும் செலவையும் சொல்லும் புத்தகம்), உறுப்பினர்களின் பேச்சு, அமைச்சரின் பதிலுரையோடு வரும் புதிய அறிவிப்புகள். கொள்கை விளக்கக் குறிப்பில் ‘ராமநாதபுரம்’, ‘பாம்பன்’, ‘தங்கச்சிமடம்’, ‘மூக்கையூர்’, ‘தொண்டி’ என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எழுத்துக்கூட்டல் ‘இராமநாதபுரம்’ என்றும் இருக்கும், இரண்டையும் போட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டுக் குறிப்பைப் பக்கத்தில் வைத்து அதே பணி, அதே தொகை, அதே ‘பணிகள் நடைபெற்று வருகின்றன’ மறுபடி வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டால் போதும், தேங்கிக் கிடப்பது எது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அவையில் படிக்கும் அறிக்கையைத் தனியாகக் குறியுங்கள். அதன்மேல் விவாதம் கிடையாது. அவைக்கு வெளியே வரும் அறிவிப்புகளும் உண்டு. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று முதலமைச்சர் சொன்னது 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில். அதைப் பேரவை நடவடிக்கையில் தேடிப் பயனில்லை. ராமேசுவரம் விமான நிலையம் 2025 மார்ச் 14 நிதிநிலை அறிக்கையில் வந்தது. அது அறிவிப்பு மட்டும். இப்படி எந்த அறிவிப்பானாலும் அடுத்துத் தேட வேண்டியது அரசாணை. துறை, எண், நாள் மூன்றும் சேர்ந்தால்தான் அதற்குப் பிடி கிடைக்கும். பாக் விரிகுடாவில் கடற்பசுப் பாதுகாப்பகம் அமையும் என்று 2021 செப்டம்பரில் பேரவையில் அறிவித்தார்கள். முறையான அறிவிக்கை வந்தது 2022 செப்டம்பரில். அறிவிப்புக்கும் ஆணைக்கும் நடுவே ஓராண்டு ஓடுவது வழக்கமானதுதான், அதற்குள் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஆனால் இரண்டாவது மானியக் கோரிக்கையும் கடந்தபின் ஆணை இல்லையென்றால் உறுப்பினரிடம் எழுத்தில் கேட்கத் தயங்காதீர்கள்.

தடைக்காலத் தேதி, படகின் பதிவு, வலைக் கட்டுப்பாடு போன்ற அன்றாடத் தொழிலைத் தொடுபவை சட்டத்தில் இருப்பதைவிட விதிகளிலும் அரசாணைகளிலும்தான் அதிகம். கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 2020-இல் புதிதாக வந்தன. விதிகள் பேரவையின் முன் வைக்கப்படும். ‘அவையின் முன் வைக்கப்பட்ட ஏடுகள்’ என்ற தலைப்பில் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாக இருக்கும். யாரும் பேசாமல் கடந்துபோகும் அந்த வரியைத் தினமும் படியுங்கள்.

பதிவேட்டுக்கு ஒரு கணக்கு நோட்டே போதும். பிரச்சினை, ஊர், வினா அல்லது மசோதா எண், நாள், அமைச்சரின் சொற்கள், அரசாணை எண், களத்தில் இப்போதைய நிலை என்று ஏழு பத்தி. எம்.எல்.ஏ. அலுவலகம் வெளியிடும் காணொளித் துணுக்கை மட்டும் வைத்து நிரப்பாதீர்கள். பேசிய பகுதி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம், பதில் வெட்டப்பட்டிருக்கலாம். அவையில் பேசியதையெல்லாம் பதிவு செய்யும் அலுவல்முறை அறிக்கையே இறுதிச் சான்று. அது வெளிவரத் தாமதமாகும் என்பதால் முதலில் பென்சிலில் எழுதிப் பிறகு சரிபாருங்கள். மீனவர் சங்கத்தில் ஒருவர் வினா நேரத்தையும், இன்னொருவர் அரசிதழையும் பார்த்துக்கொண்டால் சுமை குறையும்.

பேரவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதா காலாவதியாகும். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படுவதால் ஆகாது. பேரவை நிறைவேற்றி ஒப்புதலுக்குக் காத்திருப்பதும் கலைப்பினால் சாகாது.

ஆவணம் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலர், சட்டமன்றப் பேரவைச் செயலகம், சென்னை 600 009 என்ற முகவரிக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். ‘எங்கள் எம்.எல்.ஏ. என்ன செய்தார்’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, 211-ஆம் தொகுதி உறுப்பினர் பெயரில் விடையளிக்கப்பட்ட வினாக்களின் எண், நாள், விடையின் நகல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்தது போதாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அரசாணைக்கு மட்டும் பேரவைச் செயலகத்தைக் கேட்காதீர்கள். அதை வெளியிட்ட துறைக்கே எழுதுங்கள்.