'பைபிள்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அதைத் தமிழில் 'வேதாகமம்' என்பது சரியா?

பொருள் மட்டும் கேட்டிருந்தால் நாலு வரி எழுதிவிட்டுப் போயிருப்பேன். 'சரியா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் இதை வைத்து வம்பு பேசியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். என்னிடமும் பேசியிருக்கிறார்கள்.

கிரேக்க மொழியில் 'பிப்லியோன்' என்றால் சுருள் அல்லது புத்தகம். அதன் பன்மை 'பிப்லியா'. எகிப்தின் பாப்பிரஸ் தாள் கிரேக்கர்களுக்குப் பிப்லோஸ் என்ற துறைமுகம் வழியாகப் போனதால் ஊர்ப் பெயரே தாளுக்கும் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த ஊர் இன்று லெபனானில் ஜுபைல் என்ற பெயரில் இருக்கிறது. ஆக, சொல்லில் புனிதம் எதுவும் கிடையாது. வேதாகமத்திலேயே, ஆதிச் சபையின் போதகர் பவுல் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரத்தில், துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா என்கிறார். அந்தப் 'புஸ்தகங்கள்' கிரேக்க மூலத்தில் 'பிப்லியா'தான். லத்தீனுக்குப் போனபோது அந்தப் பன்மையை ஒருமையாக எடுத்துக்கொண்டார்கள். பல நூல்கள் ஒரே நூலின் பெயருக்குள் வந்துவிட்டன. சீர்திருத்த சபையார் (புராட்டஸ்டன்ட்) கணக்கில் 66 நூல்கள், கத்தோலிக்கர் கணக்கில் 73.

இனி 'சரியா' என்பதற்கு வருகிறேன். எங்கள் ஆச்சி காலமான பிறகு அவர்களுடைய வேதாகமத்தைச் சென்னைக்கு எடுத்துவந்தேன். கறுப்பு ரெக்ஸின் அட்டை, ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய தாள். முன்பக்க வெற்றுத்தாளில் பிள்ளைகள் பிறந்த நாளும் நேரமும் பென்சிலில் இருக்கும். சங்கீதம் என்ற துதிப்பாடல் நூலின் பக்கங்களில் மட்டும் விரல் பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்த அலுவலக நண்பர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேதமும் எங்களுது, ஆகமமும் எங்களுது. ரெண்டையும் ஒட்டிப் பேர் வச்சுக்கிட்டீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஆகமம் சைவத்துக்கு மட்டும் உரிய சொல் இல்லை. சமணர்களும் தங்கள் நூல்களை ஆகமம் என்றுதான் சொல்கிறார்கள். நம்மாழ்வாரை 'வேதம் தமிழ் செய்த மாறன்' என்கிறோம். திருக்குறளைத் தமிழ்மறை என்கிறோம். இஸ்லாமியர் குர்ஆனைத் திருமறை என்கிறார்கள். யாருடைய மறைநூலையும் வேதம், மறை என்று அழைப்பது தமிழில் நெடுநாளாக உள்ள வழக்கம். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார், தத்துவ போதகர் என்ற ராபர்ட் டி நொபிலி 'சத்திய வேதம்' என்றார். வீரமாமுனிவர் தம் நூலுக்கு 'வேதியர் ஒழுக்கம்' என்று பெயர் வைத்தார். ஆதியாகமம், யாத்திராகமம் என்று, வேதாகமத்தின் முற்பகுதியான பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களின் பெயரிலேயே ஆகமம் இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் எங்களை 'வேதக்காரவுக' என்றும் சர்ச்சை 'வேதக்கோயில்' என்றும் சொல்வார்கள். பஸ்ஸில் "வேதக்கோயில் ஸ்டாப் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். எதிர்வீட்டு அத்தை அம்மன் கோயில் கொடைக்கு வரி வாங்க வரும்போது, "வேதக்கோயில் அசனம் என்னைக்கு?" என்று சர்ச்சில் நடக்கும் பொது விருந்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு இல்லாத சங்கடம் சென்னையில் ஒருவருக்கு எதற்கு வரவேண்டும்?

மதமாற்றம், மிஷனரி அரசியல் என்று பின்னூட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். கேட்டது சொல்லைப் பற்றி, நான் சொல்வதும் அதைப் பற்றித்தான். கத்தோலிக்க நண்பர்களும் கோபப்பட வேண்டாம். உங்கள் 'விவிலியம்' எனக்கும் பிடித்த சொல். பிப்லியாவைத் தமிழ் எழுத்துக்கு இணங்கச் செய்த வடிவம் அது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புக்குத் திருவிவிலியம் என்றுதான் பெயர்.

உண்மையில் எனக்கு ஆத்திரம் அந்த நண்பர் மேல்கூட இல்லை. நான் இப்போது போகும் சபையில் ஞாயிறு பள்ளியை முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் அக்கா பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம், ஆனால் ஆச்சியின் வேதாகமத்தைக் கொடுத்தால் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. கமிட்டியில் கேட்டால், "பெற்றோர் விரும்புறாங்க தம்பி" என்கிறார்கள். நான் கேட்டுப் பார்த்த பெற்றோர், சபை முடிவு என்கிறார்கள். பெயரை இன்னொருவர் பறித்துக்கொண்டு போவார் என்ற பயம் எனக்கு இல்லை. உள்ளே இருக்கும் தமிழை நாங்களே கைகழுவிக்கொண்டிருக்கிறோம். அடுத்த சபைக் கூட்டத்திலும் எழுந்து கேட்கத்தான் போகிறேன்.