வெள்ளியங்கிரி பாதையில் உடைந்த கண்ணாடி: எப்படி எடுப்பது, எங்கே சேர்ப்பது?

கேள்வி: நாங்கள் கோவை நண்பர்கள் சிலர். வருடா வருடம் வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறுகிறோம். வேண்டுதல் என்பதால் செருப்பு போடுவதில்லை. இந்த முறை இறங்கும்போது ஒருவருக்கு உள்ளங்காலில் கண்ணாடி குத்திவிட்டது. அங்கேயே பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்து வந்துவிட்டார். மூன்று வாரம் ஆகியும் அழுத்தி மிதித்தால் வலிக்கிறது என்கிறார். அடுத்த முறை போகும்போது பாதையில் கிடக்கும் கண்ணாடியையும் மற்ற குப்பையையும் நாங்களே பொறுக்கிக்கொண்டு வரலாம் என்று இருக்கிறோம். எப்படிச் செய்வது? அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

பதில்: குப்பையை அப்புறம் பார்ப்போம். முதலில் நண்பரை மருத்துவரிடம் அனுப்புங்கள். மேல்தோல் மூடிய பிறகும், ஒரே இடத்தில் மிதிக்கும்போது மட்டும் சுருக்கென்று குத்தினால் உள்ளே துணுக்கு தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாது என்று பலரும் நம்புகிறார்கள். முள்ளுக்கும் மரச்சிராய்க்கும் வேண்டுமானால் அது பொருந்தும். கண்ணாடி பெரும்பாலும் தெரியும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டு எக்ஸ்ரேயில் தப்புவது அரிது. ஆகவே "கால்ல ஏதோ குத்திடுச்சு" என்று பொதுவாகச் சொல்லாமல், கண்ணாடி குத்தியது, ஒரு துண்டை நாங்களே பிடுங்கினோம் என்று விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஊக்கையோ ஊசியையோ வைத்து வீட்டில் நோண்ட வேண்டாம். துணுக்கு இன்னும் ஆழமாகப் போகும், அல்லது இரண்டாக உடையும்.

மண் பட்ட காயம் என்பதால் டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி பற்றியும் கேட்கட்டும். இப்படிப்பட்ட காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போடுவது வழக்கம். காயம் பட்டு மூன்று வாரம் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. உங்கள் குழுவில் சர்க்கரை நோய் உள்ளவர் யாராவது இருந்தால் வெறுங்காலோடு ஏறும் முடிவை அவர் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கண்ணாடி ஏறியதே தெரியாது. ஏழாவது மலைவரை போய்விட்டு வந்து, வீட்டில் கால் கழுவும்போதுதான் ரத்தத்தைப் பார்ப்பார். வேண்டுதலில் நான் தலையிடவில்லை. ஆனால் அவர் இறங்கி வந்ததும் இன்னொருவர் டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும், விரல் இடுக்கோடு சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

மலையில் வைத்தே இப்படி நடந்தால் என்ன செய்வது? குடிதண்ணீரைக் காயத்தின்மேல் தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். தோலின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கை இடுக்கியால் எடுக்கலாம். ஆழமாகச் செருகி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. துணியைச் சுருட்டி அதன் இரு பக்கமும் வைத்து, துண்டு அசையாதபடி கட்டி, அந்தக் காலை ஊன்றாமல் கைத்தாங்கலாக இறக்குங்கள். வெறும் வெட்டு என்றால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. மஞ்சள்தூள், காப்பித்தூள், திருநீறு எதுவும் வேண்டாம். செருப்பில்லாமல் ஏறினாலும் பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கட்டும். கட்டுப் போட்ட காலோடு அந்தப் படிகளில் இறங்க வேறு வழி இல்லை.

சரி, இனி சுத்தம் செய்யும் வேலைக்கு வருவோம். இதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வேண்டுதல் நடையையும் கண்ணாடி பொறுக்கும் நடையையும் ஒரே பயணத்தில் வைக்காதீர்கள். வெறுங்காலோடு கண்ணாடி கிடக்கும் இடத்தைத் தேடிப் போவது சரிவராது. தூக்கமில்லாமல் இரவில் ஏறி, விடியலில் சாமி பார்த்து, முட்டி நடுங்க இறங்கும் ஆளிடம் கண்ணாடிச் சுமையையும் கொடுத்தால் அடுத்த காயம் அவருக்குத்தான். இந்த வேலைக்குத் தனி நாள், கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ, பகல் வெளிச்சம், குறைந்த தூரம் போதும். ஏழு மலையையும் முடிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மலையை ஒழுங்காகச் செய்தாலே பெரிய வேலை. மேலே ஏறும் அத்தனை பேரும் அதைத் தாண்டித்தானே போக வேண்டும்?

கண்ணாடி எங்கே இருக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மலைப் பாதைகளில் பாதை நடுவே கிடப்பது கொஞ்சம்தான். ஆட்கள் உட்காரும் பாறை, சுனையோரம், கடை போடும் இடத்தின் பின்புறம், வண்டி வந்து நிற்கும் அடிவாரம், இவற்றைச் சுற்றித்தான் சேரும். எல்லாமே மது பாட்டில் என்றும் நினைத்துவிட வேண்டாம். பன்னீர், தைலம், சோடா, வீட்டிலிருந்து எடுத்து வரும் ஊறுகாய் என்று பக்தியோடும் பசியோடும் வரும் பாட்டில்களும் உண்டு. பூண்டி அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்து வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பக் கொண்டுவந்தால் பணத்தைக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் பையில் தைல பாட்டில் இருந்தால் யாரும் கேட்காமலே எடுத்து வைத்துவிடுங்கள்.

கார் ஜன்னல் உடைந்தால் மணி மணியாக உதிரும். அதைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து அப்படி உடையும்படி செய்திருப்பார்கள். பாட்டிலுக்கு அந்த வேலை கிடையாது. அதனால் நீளமான, வளைந்த, ஊசிமுனைச் சில்லுகளாக உடையும். இதில் மோசமானது அடிப்பாகம். அது கனமாக இருப்பதால் உடைந்த பிறகும் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் பற்கள் மேல்நோக்கி நிற்கும். சருகு மூடிவிட்டால் பழுப்பு நிறப் பாட்டிலைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கியாவது போகும், கண்ணாடி மட்காது. இன்று விழுந்த சில்லு நம் பேரன் காலத்திலும் அதே கூர்மையோடு இருக்கும். நேரமும் ஆளும் குறைவு என்றால் பிஸ்கட் உறையை விட்டுவிட்டுக் கண்ணாடியை எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பார்வைக்கு அசிங்கமாக இருப்பது உறை, காலைக் கிழிப்பது கண்ணாடி.

சில்லுகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உச்சி வெயிலில் தேடாதீர்கள். காலை ஏழு, எட்டு மணிக்குச் சூரியன் சாய்வாக இருக்கும்போது, சூரியனைப் பார்த்தபடி குனிந்து தரையை நோக்கினால் சில்லுகள் மின்னும். மர நிழலில் டார்ச்சைத் தலையில் கட்டிக்கொள்வதைவிடக் கையில் பிடித்து, தரையோடு தரையாக வைத்து மெல்லத் திருப்பினால் நன்றாகத் தெரியும். மணல் துகள்கள் மங்கலாகவே இருக்க, கண்ணாடி மட்டும் பளிச்சென்று வெட்டும். இரவில் வெறுங்காலோடு ஏறுபவர்களுக்கும் இதே யோசனைதான்: முன்னால் போகிறவர் டார்ச்சை முழங்காலுக்குக் கீழே பிடிக்கட்டும்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. ஹார்டுவேர் கடையில் வெல்டிங் வேலைக்கு விற்கும் தோல் கையுறை வாங்குங்கள். மெல்லிய ரப்பர் கையுறை கண்ணாடிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு நீள இடுக்கி, சின்னத் துடைப்பம், முறம். அப்புறம் முக்கியமானது, மூடியுள்ள 4 லிட்டர் பெயிண்ட் வாளி. நிறையப் பேர் சாக்குப் பையோடு வருகிறார்கள். சாக்கைத் தோளில் போட்டு நாலு படி இறங்கினால் சில்லு சாக்கைத் துளைத்துக்கொண்டு முதுகைப் பதம் பார்க்கும். வாளிதான் சரி. அதிலும் 20 லிட்டர் வாளி வேண்டாம். உடைந்த கண்ணாடி லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. 4 லிட்டர் வாளி நிறைந்தாலே நாலைந்து கிலோ. மூடியை அழுத்தி, முதுகுப் பைக்குள் நிமிர்த்தி வைத்தால் ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கை வெறுங்கை. வெள்ளியங்கிரி படிகளில் இரண்டு கையும் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆளுக்கு ஒரு வாளி, அது நிறைந்ததும் கீழே இறங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போது சருகுக்குள் கையை விடாதீர்கள். முதலில் தடியால் சருகை விலக்குங்கள். பாம்பும் தேளும் இருக்கும் காடு இது. முழு பாட்டில் கிடைத்தால் தடியால் உருட்டி, உள்ளே ஏதும் உயிர் இல்லையே என்று பார்த்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுங்கள். மூடி போட்ட பாட்டிலில் இருக்கும் திரவத்தை முகர்ந்து பார்க்கிற ஆராய்ச்சி வேண்டாம்.

பெரிய துண்டுகளை இடுக்கியால் எடுத்த பிறகு பொடிச் சில்லு மிச்சமிருக்கும். பாறை மேல் என்றால் துடைப்பமும் முறமும் போதும். கடைசியில் ஈரத் துணியை ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் வாளியிலேயே போட்டுவிடுங்கள். மண்ணில் என்றால் மேல்மண்ணை இரண்டு விரல் கனத்துக்குச் சுரண்டிச் சல்லடையில் சலிக்கலாம். குழி தோண்டிப் புதைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒரு மழைக்கே மேலே வந்துவிடும். மழை விட்டாலும் காட்டுப்பன்றி விடாது, கிளறிவிடும். பாதையை விட்டுத் தள்ளிப் புதருக்குள் எறிவது அதைவிட மோசம், ஏனென்றால் புதர் வழியாகத்தான் யானை போகும். யானையின் பாதத்துக்கடியில் மெத்தை போன்ற கொழுப்புத் திசு உண்டு. அதில் சில்லு ஏறிச் சீழ் வைத்தால் அவ்வளவு எடையைத் தாங்கி அதால் நடக்க முடியாது. நடக்க முடியாத யானை இரை தேடவும் முடியாது.

சுனைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவது வழக்கம் இல்லையா? தண்ணீருக்குள் கிடக்கும் வெள்ளைக் கண்ணாடி கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும், ஒளி தண்ணீரிலும் கண்ணாடியிலும் வளையும் அளவில் வித்தியாசம் குறைவு என்பதால். சுனைக்குள் கையால் துழாவாதீர்கள். கம்பியில் கட்டிய வலையோ சல்லடைக் கரண்டியோ கொண்டு அரித்தெடுங்கள். முடியாவிட்டால் வனத்துறையிடம் சொல்லிவிட்டு அதை விட்டுவிடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கலக்கிவிட்டு வருவதில் லாபமில்லை.

அனுமதி கண்டிப்பாக வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை சாமி கும்பிட ஏறுவதற்கு விடுகிறார்கள் என்பதால், மற்ற நாட்களில் நல்ல காரியத்துக்காகப் போனால் தடுக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், கையில் வாளி இருந்தாலும்தான். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. போளுவாம்பட்டி வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள்: எத்தனை பேர், எந்த நாள், எந்த மலை வரை, குப்பையை எங்கே சேர்ப்பீர்கள். இந்தக் கடைசி வரி உங்கள் மனுவில் இருந்தால் அலுவலருக்கே நம்பிக்கை வரும், ஏனென்றால் பலர் பொறுக்கி மூட்டை கட்டி, படம் எடுத்து, மூட்டையைச் சோதனைச் சாவடியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வனக் காவலர் ஒருவரைக் கூட அனுப்பினால் அவர் சொல்கிற இடத்தோடு திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் அவருக்குத்தான் தெரியும்.

கீழே வந்ததும் பிரிக்க வேண்டும். உடையாத மது பாட்டிலில் டாஸ்மாக் ஸ்டிக்கர் இருந்தால், வாங்கும்போது கூடுதலாக வசூலித்த 10 ரூபாயைக் கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் 2022-இல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் இது. காட்டில் விலங்குகளின் காலைக் கண்ணாடி கிழிக்கிறது என்பதுதான் காரணம். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. யாரோ குடித்துப் போட்ட பாட்டிலுக்கு நீங்கள் காசு வாங்குவதில் கூச்சம் வேண்டாம், அந்தக் காசில் கையுறை வாங்கலாம். ஸ்டிக்கர் இல்லாத முழு பாட்டில்களைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். உடைந்ததும் உருக்கி மறுபடி கண்ணாடியாகும் சரக்குதான், விலை சொற்பம். சில கடைக்காரர்கள் வேண்டாம் என்பார்கள், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடையும் வாங்காவிட்டால் ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் குப்பையைக் கையால் பிரிப்பவர்கள். வாளி மூடியை டேப் சுற்றி ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் "உடைந்த கண்ணாடி" என்று மார்க்கரால் எழுதி, கையிலேயே கொடுங்கள். வாளி திரும்ப வேண்டும் என்று கேட்காதீர்கள். பெயிண்ட் அடிக்கும் வீடுகளில் சொல்லி வைத்தால் காலி வாளி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.