முதுமலைக்குக் குடும்பத்துடன் செல்வோர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: சென்ற ஆண்டு முதுமலையில் வனத்துறையின் வாகனச் சவாரிக்குச் சென்றோம். புள்ளிமான்களைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. மீண்டும் போகலாம் என்றால், பத்து வயது மகன் புலியைக் காட்டினால்தான் வருவேன் என்கிறான். புலியைப் பார்க்க வழி உண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: புலியைக் காட்டுவதாக மகனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 2007ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட முதுமலையின் பரப்பு, வெளிவட்டப் பகுதியையும் சேர்த்து, சுமார் 688 சதுர கிலோமீட்டர். சவாரி வாகனங்கள் செல்வதோ அதற்குள் இருக்கும் சில வனப்பாதைகளில் மட்டுமே. தனித்தே திரிகிற, பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் இரை தேடுகிற ஒரு விலங்கு அந்த நேரத்தில் அந்தப் பாதையைக் கடந்தால்தான் உண்டு. ஆனால் புலி அருகில் இருக்கிறதா என்பதைக் காடு சொல்லிவிடும். அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் உங்கள் மகன் ஒருநாளும் சலிப்படைய மாட்டான் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் "புள்ளிமான்களைத் தவிர" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மான்களையே இம்முறை நின்று கவனியுங்கள். பல இடங்களில் அவை சாம்பல் மந்திகள் இருக்கும் மரங்களின் அடியில் கூடி நிற்கும். மந்திகள் தின்றது போகக் கீழே நழுவவிடும் தழைகளும் காய்களும் மான்களுக்கு உணவாகின்றன என்பது ஒரு காரணம். மரத்தின் உச்சியிலிருந்து தொலைவைக் காணும் மந்தியின் கண்ணும், தரையில் நின்று மோப்பம் பிடிக்கும் மானின் மூக்கும் ஒன்றுக்கொன்று காவலாக அமைந்துவிடுகின்றன என்பது மற்றொன்று. புலியோ சிறுத்தையோ செந்நாய்க் கூட்டமோ நெருங்கினால், மந்தி கரகரத்த குரலில் இருமுவதுபோல் கத்தும். புள்ளிமான் வாலை உயர்த்தி, முன்காலால் தரையைத் தட்டி, கூர்மையாகக் குரல் எழுப்பும். புள்ளிமான் சிறு சலசலப்புக்கும் மிரளக்கூடியது என்பதால் அதன் குரலை மட்டும் நம்பிவிட முடியாது. கடமான் அப்படியன்று. ஊதல் ஒலிபோன்ற அதன் உரத்த குரல் இடைவிட்டுத் தொடர்ந்து வந்தால், அது எதையோ கண்ணால் கண்டுவிட்டது என்றே வனக்காவலர்கள் கொள்வார்கள். அப்போது ஓட்டுநரிடம் வண்டியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருக்கும்படி கேளுங்கள். எல்லா மான்களும் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றனவோ, அந்தப் பக்கம் பாருங்கள். வாகனத்தில் பேச்சும் கைபேசிப் பாட்டும் ஒலித்துக்கொண்டிருந்தால் இவற்றில் ஒன்றும் காதில் விழாது.

கேள்வி: எந்த மாதம் செல்வது நல்லது? (வாசகர், ஈரோடு)

பதில்: முதுமலையின் மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையை நிறையப் பெறுவதால் அங்கே தேக்கும் மூங்கிலும் அடர்ந்திருக்கின்றன, கிழக்கே மசினகுடியை நோக்கிச் செல்லச் செல்ல மழைமறைவு நிலமாகி, முட்புதர்க் காடாக மாறிவிடுகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலைகள் உதிர்ந்து பார்வை தொலைவு வரை செல்லும் என்றாலும், அது காட்டுத்தீக் காலம் என்பதால் சவாரியை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. அறை பதிவு செய்யும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கோடை மழை சிலமுறை பெய்து, கருகிய தரையில் புதுப்புல் முளைத்த பிறகு செல்வதையே நான் விரும்புவேன். மானும் காட்டுமாடும் திறந்த வெளிக்கு மேய வரும் காலம் அது. பருவமழை வலுத்துவிட்டால் புதர்கள், குறிப்பாக எங்கும் பரவிவிட்ட உண்ணிச்செடி, பாதையோரத்தையே மறைத்துவிடும். நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மைசூரு வழியாக வருவோர், பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: சாலையில் யானை நின்றால் என்ன செய்வது? (வாசகர், கோவை)

பதில்: தொலைவிலேயே நிறுத்துங்கள். ஒலிப்பானை அழுத்துவதும், விளக்கை மின்ன வைப்பதும், படமெடுக்க இறங்குவதும் உயிருக்கு ஆபத்தானவை. காதுகளை இயல்பாக வீசிக்கொண்டு தழையை முறிக்கும் யானை அமைதியாக இருக்கிறது. வீச்சை நிறுத்தி, காதுகளை விரித்து, உங்களை நேராகப் பார்க்கும் யானை உங்களை எடைபோடுகிறது. அந்நிலையில் பதறாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கன்றுடன் கூடிய கூட்டத்தின் ஊடே வண்டியை நுழைக்கவே கூடாது, ஏனெனில் சாலையின் இருபுறமும் பிரிந்துபோன தாயும் கன்றும் ஒன்றையொன்று தேடும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழிந்து கருத்த கோடு தெரியும் ஆண் யானையைக் கண்டால் இன்னும் கூடுதலாக விலகியிருங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு முழங்கால் வலி. குலுங்கும் வண்டியில் ஏற முடியாது. அவர் பார்க்க ஏதாவது உண்டா? (வாசகி, சேலம்)

பதில்: நிறையவே உண்டு. தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைகளுக்கு உணவு தரும் வேளையில் அவரை அழைத்துச் செல்லுங்கள். ராகியும் கொள்ளும் வேகவைத்துப் பிசைந்து, ஒவ்வொரு யானையின் உடல்நிலைக்கும் ஏற்ற அளவில் பாகன்கள் உருண்டை பிடித்து ஊட்டுவதைப் பெரியவர்கள் ஆர்வத்தோடு பார்ப்பார்கள். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குச் செல்லும் தார்ச்சாலையில் சொந்த வாகனத்திலேயே காலையில் மெதுவாகப் போகலாம். நடுவில் இறங்கவோ குரங்குகளுக்குத் தின்பண்டம் எறியவோ வேண்டாம். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்குகள் சாலையிலேயே காத்திருந்து வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன.

அப்படிப் போகும்போது வானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் இன்னும் கூடு கட்டி வாழும் மிகச் சில இடங்களில் ஒன்று. ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் அவற்றின் கூடுகள் இருக்கும். மாடுகளுக்கு வலிநீக்கியாகச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, அம்மாடுகளின் இறந்த உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியா முழுவதும் அவற்றை ஏறக்குறைய அழித்துவிட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. ஆயினும் ஒரு பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும் என்பதால், இழந்த எண்ணிக்கை மீள்வதற்கு நெடுங்காலம் ஆகும்.