ஹெட்டைக் குடைந்தால் வண்டி பறக்குமா?

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மாமாவிடமிருந்து கார்புரேட்டர் வைத்த ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் 1.6 ஒன்றை வாங்கி ஓட்டுகிறேன். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. அழுத்தி மிதித்தால் இன்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம் வேறு. ஹெட்டைக் (சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக இருக்கும் பாகம்) கழற்றி, அதில் காற்று போய்வரும் போர்ட்டைப் பெரிதாக்கி, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டால் வண்டி பறக்கும் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா ஐயா? டை கிரைண்டர் என்னிடமே இருக்கிறது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் ஹெட்டில் கை வைப்பதற்கு முன்னால் அந்தக் கடகட சத்தத்தைக் கவனியுங்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. காற்று மெலிந்த ஊரில் ஓடும் வண்டிக்குச் சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) போட்டு, இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) கொஞ்சம் முன்னே தள்ளி வைப்பது வழக்கம். பெட்ரோலும் அங்கே 93 ஆக்டேன் போட்டாலே போதும். அதே வண்டி கடலோரத்துக்கு இறங்கி வந்தால் காற்று கூடுகிறது, பெட்ரோல் அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. கலவை மெலிந்து, தீப்பொறியும் சீக்கிரம் விழுவதால் இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். இது சத்தத்தோடு நிற்காது, பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். எனவே முதலில் 95 பெட்ரோல், டைமிங், மெயின் ஜெட் மூன்றையும் சரி பாருங்கள். ஃபீல்ட்ஸ் ஹில் பிரச்சினையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் நாலு சிலிண்டருக்கும் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் போர்ட்டிங் பேச்சையே எடுக்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்து, இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்றால் ஹெட்டுக்கு வரலாம்.

போர்ட்டைப் பெரிதாக்கினால் காற்று அதிகம் போகும் என்பது பாதி உண்மைதான். காற்றுக்கும் எடை உண்டு. குறுகிய வழியில் வேகமாக வரும் காற்று, பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும், வந்த வேகத்திலேயே சிலிண்டருக்குள் நுழைந்துகொண்டிருக்கும். வழியை அகலமாக்கினால் அந்த வேகம் போய்விடும். 6,000 ஆர்பிஎம்மில் ஏதோ லாபம் தெரியலாம். ரோபோட் (சிக்னல் விளக்கு) பச்சையானதும் கிளம்பி இரண்டாவது கியர் போடும்போது வண்டி செத்த மாதிரி இருக்கும். தினசரி ஓட்டும் வண்டிக்கு இது நஷ்டக் கணக்கு.

உண்மையான அடைப்பு இருப்பது மேனிஃபோல்ட் (கார்புரேட்டரிலிருந்து ஹெட்டுக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய்) வந்து சேரும் வாயில் அல்ல, வால்வுக்குப் பின்னால் இருக்கும் கடைசி ஓரங்குலத்தில். போர்ட் அங்கேதான் சட்டென்று கீழ்நோக்கி வளைகிறது. வேகமாக வளைவில் திரும்பும் பஸ்ஸில் நிற்கிறவர்கள் வெளிப்பக்கம் சாய்வதைப் போலக் காற்றும் வெளிச்சுவரை ஒட்டியே ஓடும். உள்வளைவில் அது சுவரை விட்டுப் பிரிந்து சுழல ஆரம்பித்தால், வால்வின் அந்தப் பக்கம் பாதி வீண். ஆகவே உள்வளைவில் இருக்கும் கூர்முனையை மெதுவாக உருட்டிவிட வேண்டும். வெட்டித் தாழ்த்திவிடக் கூடாது. அனுபவம் இல்லாத கை முதலில் கெடுப்பது இந்த இடத்தைத்தான், கெட்டால் திருப்பி வைக்கவும் முடியாது.

அடுத்தது வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் வளையம். தொழிற்சாலையிலிருந்து வரும் ஹெட்டில் சீட் வளையத்துக்குக் கீழே அலுமினியத்தில் ஒரு படி நிற்பதை விரலை விட்டுத் தடவினாலே உணரலாம். அந்தப் படியை வழித்து, சீட்டோடு ஒரே வளைவாகச் சேர்க்க வேண்டும். சீட்டுக்குக் கீழே குறுகும் தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 38 மி.மீ. வால்வு என்று வைத்துக்கொண்டால் 33 மி.மீ. அருகில் நிறுத்திவிடுங்கள். பிறகு லேத்துக்கடையில் கொடுத்து சீட்டை 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். வால்வு உட்காரும் இடம் நடுவிலுள்ள 45. மற்ற இரண்டும் காற்று வழுக்கிப் போக. வால்வு உச்சத்தை ஒரு முறைதான் தொடுகிறது. பாதித் திறப்பையோ ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என இரண்டு முறை கடக்கிறது. அந்தப் பாதித் திறப்பில் கைகொடுப்பது சீட் வேலைதான். கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், நான் பாலிஷை விட்டுவிட்டு சீட்டுக்குத்தான் கொடுப்பேன்.

கண்ணாடி பாலிஷ் பார்க்க அழகு, அவ்வளவுதான். உங்கள் வண்டியில் பெட்ரோல் கார்புரேட்டரிலேயே காற்றோடு கலந்து போர்ட் முழுக்கப் பயணம் செய்கிறது. வழவழப்பான சுவரில் அது துளியாகத் திரண்டு ஓடும். 60, 80 நம்பர் எமரி விட்ட சொரசொரப்பில் காற்றோடு சேர்ந்து போகும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு வேண்டுமானால் பாலிஷ் போடுங்கள், கரி ஒட்டுவது குறையும். இந்த ஹெட்டில் காற்று நுழையும் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் சூடு இன்டேக்கைத் தாக்கும். நடுவிலிருக்கும் சுவரை மெலிதாக்க வேண்டாம்.

வீட்டில் செய்வதா? பாதி வேலை செய்யலாம். குப்பைக்குப் போகிற ஒரு பழைய ஹெட்டை ஸ்கிராப்யார்டில் வாங்கி முதலில் அதில் குடைந்து பாருங்கள். சிட்டி கோல்ஃப் 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக் (இன்றைய கரியேகா) தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி, ஹெட்டுக்குப் பஞ்சமில்லை. அந்த ஹெட்டை நடுவே அறுத்துவிட்டால் இன்னும் நல்லது: தண்ணீர் ஓடும் அறைக்கும் போர்ட்டுக்கும் நடுவே சுவர் எவ்வளவு மெலிது என்று நேரிலேயே பார்த்துவிடலாம். கிரைண்டரின் வெட்டு முனையான பர் அந்தச் சுவரைத் துளைத்தால் ஹெட் அவுட்.

அலுமினியத்துக்கென்று விற்கும் அகலப் பல் பர் வாங்குங்கள். இரும்புக்கான பர்ரில் அலுமினியம் ஒட்டி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது பர்ரில் கொஞ்சம் பாரஃபின் தடவிக்கொண்டால் ஒட்டாது. கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் ஸ்விட்ச் போடாதீர்கள். மேனிஃபோல்ட் காஸ்கெட்டை ஹெட்டின் மேல் வைத்து ஓரம் கீறி, போர்ட் வாயில் துருத்தி நிற்பதை மட்டும் வழியுங்கள். இன்டேக் மேனிஃபோல்ட் ஹெட்டைவிட ஒரு இழை சின்னதாக இருந்தால் பரவாயில்லை. பெரிதாக இருந்தால் காற்று ஹெட்டின் விளிம்பில் போய் இடிக்கும். நாலு போர்ட்டும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நாலிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே எடுங்கள்.

உள்வளைவும் சீட்டும் மெஷின் ஷாப்புக்கு. கொடுக்கும்போது வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடின் தேய்மானமும், சீட்டுகளுக்கு நடுவே வெடிப்பு உண்டா என்று பிரஷர் டெஸ்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை சூடேறிய பழைய ஹெட்டில் அந்த வெடிப்பு சகஜம். ஃப்ளோ பெஞ்ச் (ஹெட் வழியாகப் போகும் காற்றை அளக்கும் கருவி) இருக்கிற இடமாக இருந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மில்லிமீட்டர் திறப்புக்கும் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உச்ச எண்ணை மட்டும் காட்டிப் பெருமையடித்தால் நம்பாதீர்கள்.

வால்வைத் திறக்கும் கேம், எக்ஸாஸ்ட் எதையும் மாற்றாமல் ஹெட் வேலை மட்டும் செய்தால் ஐந்து முதல் பத்து சதவீதம் கிடைத்தாலே நல்ல வேலை. 60 கிலோவாட் இன்ஜினில் அது மூன்றிலிருந்து ஆறு கிலோவாட். பறக்காது தம்பி, ஏற்றத்தில் ஒரு கியர் மிச்சமாகும். ஹெட் அதிகக் காற்று விடும்போது பழைய ஜெட் மறுபடி போதாமல் போகும். பொருத்தியதும் சக்தி அளக்கும் டைனோவில் ஏற்றி, லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்) பார்த்து, ஜெட்டும் டைமிங்கும் வைத்த பிறகே என்3 நெடுஞ்சாலையில் ஏறுங்கள். டர்பனுக்கு வைத்த ஜெட்டோடு மாமா வீட்டுக்குப் போனால் அங்கே ப்ளக் கறுக்கும், கொஞ்சம் பெட்ரோலும் கூடக் குடிக்கும். அதனால் இன்ஜினுக்குச் சேதம் வராது, அப்படியே ஓட்டித் திரும்பி வாருங்கள்.