செம்பா, அலுமினியமா? வயரிங் முதல் அடுப்படி வரை கேள்வி பதில்

வீட்டு வயரிங், மோட்டார் ரீவைண்டிங் இரண்டும் என் தொழில். காப்பரையும் அலுமினியத்தையும் தினமும் கையில் பிடித்துக்கொண்டிருப்பவன் என்பதால் இந்த இரண்டு உலோகங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சேலம், பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, மின்சாரத்தைக் கடத்துவதில் செம்புதான் சிறந்தது என்று படிக்கிறோம். அப்படியானால் மலை மேல் போகும் பெரிய லைன் எல்லாம் ஏன் அலுமினியம்?

தம்பி, எடையைச் சேர்த்துப் பார்த்தால் புரியும். ஒரே தடிமனில் இரண்டு கம்பி எடுத்தால், செம்பு கடத்துவதில் சுமார் 61 சதவீதத்தைத்தான் அலுமினியம் கடத்தும். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம், அலுமினியம் 2.7 கிராம். செம்புக்குச் சமமாகக் கடத்த அலுமினியக் கம்பியை 1.6 மடங்கு பெரிய குறுக்குப் பரப்பில் போட்டாலும், எடை பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் வரும். டவருக்கும் டவருக்கும் நடுவே தொங்குகிற கம்பிக்கு எடை குறைவதுதான் பெரிய லாபம். டவரின் பலம், எண்ணிக்கை, செலவு எல்லாம் அதைப் பொறுத்தது. அலுமினியத்துக்கு இழுவிசை போதாது என்பதால் நடுவே எஃகுக் கம்பி, அதைச் சுற்றி அலுமினியக் கம்பி என்று முறுக்குகிறார்கள். ஏசிஎஸ்ஆர் என்று உங்கள் பாடத்தில் வருவது அதுதான்.

சுவருக்குள் போகிற பைப்பில் கதையே வேறு. அங்கே எடை பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் செய்கிற வேலைக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் வேண்டும்.

மதுரை: சார், எங்கள் வீடு பழைய வீடு. அலுமினிய வயரிங். மிக்ஸி போட்டால் ஒரு பாயின்ட்டில் லேசாகக் கருகல் வாடை வருகிறது. முழுவதும் மாற்ற வேண்டுமா?

முதலில் அந்தப் பாயின்ட்டை இன்றே நிறுத்துங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒயரின் மேலுறை ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் அரை அங்குலம் பழுப்பேறி விறைத்திருக்கும், கம்பி சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும், ஸ்க்ரூட்ரைவரை வைத்தால் ஸ்க்ரூ எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றும். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி அதே ஒயரைச் சுரண்டினால் புதிதுபோலப் பளபளவென்று இருக்கும்.

பழுது ஒயருக்கு நடுவில் வருவதில்லை, இணைப்பில் வருகிறது. காரணம் மூன்று. அலுமினியம் காற்று பட்ட உடனே மேலே ஒரு ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டாவது, சூடானால் செம்பைவிட அதிகமாக விரியும், ஆறினால் சுருங்கும். மூன்றாவது, மென்மையான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக நாளாக நசுங்கி விலகிக்கொடுக்கும். பிடி தளர்ந்தால் சூடு, சூட்டினால் இன்னும் தளர்ச்சி என்று ஒன்றையொன்று வளர்க்கும். அமெரிக்காவில் 1965க்குப் பிறகு செம்பு விலை ஏறியபோது லட்சக்கணக்கான வீடுகளுக்கு அலுமினிய ஒயர் போட்டார்கள். அங்கே தீ விபத்துகளுக்கு வழிவைத்ததும் சுவிட்ச், சாக்கெட்டில் இருந்த இதே இணைப்புகள்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிச்சன், கீசர், ஏசி, அயர்ன் பாக்ஸ் போடும் பாயின்ட்டுகளுக்கு உடனே காப்பர் இழுத்துவிடுங்கள். பிளக் பாயின்ட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர் எம்எம். லைட், ஃபேன் லைனை அடுத்து பெயின்ட் அடிக்கும்போது மாற்றலாம், ஆனால் அதுவரை எல்லா இணைப்பையும் ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும். பழைய அலுமினியத்தோடு புது காப்பரை முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரிபோல வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம்.

தஞ்சாவூர்: இன்டர்நெட்டில் மலிவாக "காப்பர் ஒயர்" கிடைக்கிறது. ஒரிஜினல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

சின்னத் துண்டை வெட்டி, ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேலே செம்புத் தோல் போட்ட ஒயர். காயிலைப் பிரிக்காமலே பார்க்க எடை இருக்கிறது. 90 மீட்டர், 1.5 ஸ்கொயர் எம்எம் காயிலில் செம்பு மட்டுமே 1.2 கிலோ இருக்க வேண்டும், மேலுறை எடை தனி. காயில் மொத்தமே ஒரு கிலோ இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். அலுமினியத்தை அலுமினியம் என்று சொல்லி விற்றால் அதற்கேற்ற அளவில் போடலாம். செம்பு என்று நம்பி 1.5 போட்டவர் வீட்டில்தான் ஒயர் சூடாகிறது.

பொள்ளாச்சி, விவசாயி: தண்ணி மோட்டாரில் காப்பர் வைண்டிங், அலுமினியம் வைண்டிங் என்று இரண்டு விலை சொல்கிறார்கள். தென்னந்தோப்புக்கு எது எடுப்பது?

காப்பர் எடுங்கள் ஐயா. ஸ்டேட்டரில் (மோட்டாரின் அசையாத பாகம்) கம்பி சுற்றும் ஸ்லாட்டுக்கு, அதாவது பள்ளத்துக்கு, அளவு உண்டு. அந்த இடத்துக்குள் அலுமினியக் கம்பியை அடைத்தால் தடை கூடும், சூடு கூடும். லோ வோல்டேஜில் மணிக்கணக்காக ஓடுகிற தோட்டத்து மோட்டாருக்கு அந்தச் சூடுதான் எமன். எரிந்துபோனால் ரீவைண்டிங் செய்வதும் காப்பரில் சுலபம். இணைப்பைப் பற்றவைத்தால் ஈயம் நன்றாகப் பிடிக்கும். அலுமினியத்தில் அந்த ஆக்சைடு படலம் பற்றவைக்க விடாது.

ஆனால் ஒன்று. "முழுக்க காப்பர் மோட்டார்" என்று யாராவது சொன்னால் வைண்டிங்கை மட்டும்தான் சொல்கிறார்கள். பெரும்பாலான மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) மோட்டாரிலும் சீலிங் ஃபேனிலும் சுழல்கிற ரோட்டாருக்குள் இருப்பது வார்த்த அலுமினியம். அது குறை அல்ல. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அச்சில் ஊற்றுவது எளிது. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் அச்சு சீக்கிரம் போய்விடும்.

சென்னை, திருவான்மியூர்: ஏசிக்கு காப்பர் காயில் போதுமா? கடற்கரை பக்கம் வீடு.

காப்பர் காயிலே வாங்குங்கள், ஓட்டை விழுந்தால் பிரேஸிங் செய்து அடைக்கலாம். ஆனால் காப்பர் டியூப் என்றாலும் அதன் மேல் இருக்கிற மெல்லிய தகடுகள் அலுமினியம்தான். உப்புக்காற்றில் இரண்டும் ஒட்டியிருப்பதால் முதலில் தகடுகள் பொடியாக உதிரும். அரிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பிறகு அவுட்டோர் யூனிட்டை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவி உப்பை இறக்குங்கள்.

கும்பகோணம், இல்லத்தரசி: செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லதா? அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைக்கலாமா?

வெறும் தண்ணீரை ராத்திரி செம்பில் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பதில் தவறில்லை அம்மா. செம்பின் மேல் பல கிருமிகள் பிழைப்பதில்லை என்பதும் உண்மை. மோர், எலுமிச்சை ஜூஸ், ரசம் மட்டும் கூடாது. புளி போட்டுத் தேய்த்தால் குடம் பளிச்சென்று ஆகிறதே, மேலே இருக்கிற களிம்பைப் புளி கரைப்பதால்தானே? அதே வேலையைப் பாத்திரத்துக்குள் இருக்கிற மோரும் செய்யும். வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் நோய்) உள்ளவர்கள் செம்புப் பாத்திரத்தையே தவிர்க்க வேண்டும்.

அலுமினியத்தில் சோறு வடிக்கலாம், பருப்பு வேகவைக்கலாம். புளியும் உப்பும் சேர்ந்த குழம்பு அந்த ஆக்சைடு படலத்தைக் கரைக்கும், அதனால்தான் சட்டியில் குழிகுழியாக விழுகிறது. மீந்ததை அதிலேயே மூடி வைக்கவே வேண்டாம். புளிக்குழம்புக்கு மண்சட்டி அல்லது எவர்சில்வர்.

மேட்டூர்: எங்கள் ஊரில் அலுமினிய ஆலை இருந்தது. அலுமினியம் ஏன் செம்பைவிட மலிவு?

பூமியின் மேலோட்டில் எடைக்கு 8 சதவீதம் அலுமினியம். செம்பு அதில் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அலுமினியம் அரசர்கள் வைத்திருந்த பொருள், ஏனென்றால் ஆக்சிஜனிடமிருந்து அதைப் பிரிப்பது அவ்வளவு கடினம். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்ஸில் பால் ஹெரூவும் தனித்தனியாக மின்சாரத்தால் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் விலை சரிந்தது. இன்றும் ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் கரண்ட் செலவாகும். உங்கள் ஊர் ஆலைக்கு ஏற்காடு, கொல்லிமலையிலிருந்து பாக்சைட் என்ற அலுமினியத் தாது வந்தது. பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க அந்த மின்சக்தியில் 5 சதவீத அளவே போதும். ஓட்டைச் சட்டியைக் குப்பையில் போடாமல் பழைய இரும்புக் கடையில் போடுங்கள்.

திருச்சி: எர்த்துக்கு அலுமினியக் கம்பியைப் புதைக்கலாமா?

கூடாது. மண்ணில் அரித்துப் போய்விடும். காப்பர் அல்லது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு).

கோவை, அடுக்ககச் சங்கச் செயலாளர்: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் எங்கள் பெரிய கேபிள் அலுமினியம். இதை காப்பராக மாற்ற ஒரு கான்ட்ராக்டர் பெரிய தொகை சொல்கிறார். மாற்றலாமா?

கேபிள் லோடுக்கு ஏற்ற அளவில் இருந்தால் மாற்றத் தேவையில்லை சார். மண்ணுக்கடியில் போகும் பெரிய கேபிள்கள் பெரும்பாலும் அலுமினியம்தான், முறையாக இணைத்தால் பல்லாண்டு உழைக்கும். அந்தப் பணத்தில் சின்னப் பகுதியை இரண்டு முனைகளுக்குச் செலவிடுங்கள். பேனலில் உள்ள காப்பர் பட்டையில் (பஸ்பார்) சேரும் இடத்தில் பைமெட்டாலிக் லக், அதாவது ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்பும் உள்ள முனை, இருக்கிறதா, கம்பியைச் சுரண்டி ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட் தடவித்தான் கிரிம்ப் செய்தார்களா (லக்கை அழுத்தி இறுக்குவது), அதற்குச் சரியான அளவு டை (அழுத்தும் அச்சு) போட்டார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மே மாதத்தில் ஒரு ராத்திரி, எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது, தெர்மல் கேமரா வைத்து மூன்று ஃபேஸ் லக்கையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே அளவு லோடு இருந்தும் ஒன்று மட்டும் அதிகச் சூடாகத் தெரிந்தால், அந்த ஒன்றை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் போதும்.