உறைக்குள் தூங்கும் பை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. பெரிய பிராண்டு கைப்பை ஒன்றைத் தவணையில் வாங்கினேன். அலுவலகத்தில் என்னோடு இருக்கும் நான்கு பேரிடமும் அது இருக்கிறது. என்னிடம் மட்டும்தான் இல்லாமலிருந்தது. முதல் வாரம் கால் தரையில் பாவவில்லை. இப்போது வெளியே எடுத்துப் போகவே பயம். மழை வந்தால் பதறுகிறேன், கூட்டத்தில் யாராவது உரசினால் பதறுகிறேன். கடையில் கொடுத்த துணியுறைக்குள்ளேயே அலமாரியில் கிடக்கிறது. பைக்குப் பொருந்தவில்லை என்று செருப்பையும் மாற்றிவிட்டேன். கணவரிடம் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன். ஆசைப்பட்டது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, ஆசைப்பட்டது தவறில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்கு பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பை என்ன நிறம், தோல் கைக்கு எப்படி இருக்கிறது, எதனால் பிடித்தது என்று ஒரு வரிகூட இல்லை. என் மனதை உறுத்துவது அதுதான்.

முப்பதுகளில் நானும் சக்திக்கு மீறி ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். கண்ணாடிமேல் ஒட்டிவந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒன்றரை வருடம் உரிக்கவில்லை. ஓரங்களில் தூசி புகுந்து, மணியே மங்கலாகத் தெரியும். ஆனாலும் யாரிடம் பேசினாலும் இடதுகையைச் சற்று முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் கண் அங்கே போகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் என் நெருங்கிய தோழி தன் அம்மாவுக்கு வந்திருக்கும் நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதும் என் கண் அவள் பார்வையைத்தான் தேடியது. அவள் கடைசியாகச் சொன்ன இரண்டு வாக்கியங்கள் என் காதில் விழவே இல்லை. உடம்பு கூசிவிட்டது. அன்றிரவு தாளை உரித்தேன். முகப்பு அத்தனை அழகான கருநீலம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நெதர்லாந்து ஆய்வாளர் ரிக் பீட்டர்ஸ், 2,500-க்கும் மேற்பட்டவர்களை 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பொருள்களை வெற்றியின் அளவுகோலாகவோ மகிழ்ச்சிக்கான மருந்தாகவோ கருதியவர்களிடம் தனிமையுணர்வு நாளடைவில் கூடியது. பொருள் தரும் இன்பத்துக்காகவே பொருளை விரும்பியவர்களிடம் அது குறைந்தது. என் கடிகாரத்தை நினைத்துக்கொண்டுதான் அதைப் படித்தேன். நான் உரித்தது ஒரு தாளை மட்டும் அல்ல என்று தோன்றியது.

அந்த நால்வரின் நட்பைப் பை வாங்கித் தருமா? ஸ்டீபன் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. ஆடம்பரப் பொருள் இருந்தால் புதியவர்கள் நம்மிடம் ஈர்க்கப்படுவார்கள் என்று நாம் நம்புகிறோம். நண்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களோ, சாதாரணப் பொருள் வைத்திருப்பவரையே விரும்புகிறார்கள்.

செருப்பு விஷயத்தில் உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. புதிய சிவப்பு அங்கி வந்ததும் அதன் பக்கத்தில் நாற்காலி, மேசை எல்லாம் பழசாகத் தெரிந்து ஒவ்வொன்றாக மாற்றிய கதையை, பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ 1769-லேயே எழுதியிருக்கிறார். செருப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையில் பையை உறையிலிருந்து எடுங்கள். சாவிக்கொத்து, குடை, சீப்பு, தினமும் தூக்கிப்போகும் எல்லாவற்றையும் அதில் போட்டு வேலைக்குக் கொண்டுபோங்கள். விடுமுறை நாளில், அந்த நால்வரும் இல்லாத இடத்துக்கும் கொண்டுபோங்கள். கீறல் விழும், விழட்டும். ஒரு மாதம் கழித்தும் யாரும் பார்க்காதபோது அதைத் தொடத் தோன்றவில்லை என்றால், நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிடுங்கள்.

ஆனால் கணவரிடம் பேசுவதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். பை அலமாரிக்குள் ஒளிந்திருப்பதற்கு மழை மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அவர் அதைத் தொடும்போதெல்லாம் அந்தப் பாதி விலை உங்கள் நெஞ்சில் குத்தும். இன்றே முழுத்தொகையையும் சொல்லுங்கள். இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று எனக்கு நீங்கள் எழுதவில்லை. அவரிடம் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.